காலையில் முகம் உப்பியிருக்கிறதா? மசாஜைக் கழுத்திலிருந்து தொடங்குங்கள்

ராத்திரி கருவாட்டுக் குழம்பும் அப்பளமுமாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால், காலையில் கண்ணுக்குக் கீழே வீங்கியிருக்கும். உப்பு உடம்பில் நீரைப் பிடித்துவைக்கும். படுத்திருக்கும்போது அந்த நீர், தோல் மெல்லிசாக உள்ள கண்ணைச் சுற்றித் தேங்கும். எழுந்து நடமாடினாலே வடிந்துவிடும்; மசாஜ் அதைக் கொஞ்சம் சீக்கிரப்படுத்தும். முகத்தை ஒல்லியாக்கும் என்று நம்பிச் செய்யாதீர்கள்.

கையையும் முகத்தையும் கழுவுங்கள். வேலூர் வெயில் காலத்தில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் விடிகாலையிலும் வெதுவெதுப்பாக வரும். மண்பானைத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு 3 சொட்டு பாதாம் எண்ணெய். பரு வரும் முகமென்றால் தேங்காய் எண்ணெய் வேண்டாம், துவாரத்தை அடைக்கும். கற்றாழை ஜெல் போதும்.

முதலில் கழுத்து. பலரும் விடுவது இதைத்தான். முகத்தின் நிணநீர் (திசுக்களிலிருந்து வடியும் நீர்) கழுத்து வழியாக இறங்கி, கழுத்தடியில் துருத்தும் காறை எலும்பின் பக்கத்தில் ரத்தக் குழாயில் சேர்கிறது. அதனால் அந்த எலும்புக்கு மேலுள்ள குழியில் விரல்களைத் தட்டையாக வைத்து, மெதுவாக 10 முறை தோலை நகர்த்தி விடுங்கள். அடுத்து, காதுக்குக் கீழிருந்து அந்தக் குழிவரை, கழுத்தின் பக்கவாட்டில் 5 முறை கீழ்நோக்கி வருடுங்கள். தொண்டையின் இருபுறமும் நாடி துடிக்கும் இடத்தை அழுத்தவே கூடாது.

இனி முகம். தாடையிலிருந்து காதுக்கு, மூக்கோரத்திலிருந்து காதுக்கு, நெற்றி நடுவிலிருந்து காதோரப் பொட்டுக்கு, ஒவ்வொன்றும் 5 முறை. கண்ணுக்குக் கீழே மோதிர விரல் மட்டும்: மூக்குப் பக்கம் தொடங்கி வெளிப்பக்கமாக, எலும்பின் மேலேயே. கடைசியில் மறுபடி கழுத்தில் கீழ்நோக்கி வருடி முடியுங்கள். மொத்தம் 5 நிமிடம்.

அழுத்தம்தான் எல்லாமே. தோல் மட்டும் நகர வேண்டும். அடியில் தசை தட்டுப்பட்டால் அதிகமாக அழுத்துகிறீர்கள். முகம் சிவந்தால் தேய்த்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்த இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்ந்து, வீக்கம் குறையாமல் இன்னும் கூடத் தெரியும். வெயில் நாளில் வியர்வையோடு எண்ணெய் கண்ணில் இறங்கும், ஒரு சொட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல், சொத்தைப்பல் வீக்கம், முகத்தில் சீழ்ப்பரு இருக்கும்போது செய்யாதீர்கள். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். தினமும் வீங்கினாலோ, காலும் சேர்ந்து வீங்கினாலோ, மசாஜை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போய்ச் சிறுநீரகத்துக்கும் தைராய்டுக்கும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.