அம்மாவுக்கு ஒரு நினைவு மலர், நீங்களே செய்றது எப்படி? (மொதத் தடவ செய்றவங்களுக்கு)

நாங்க இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து ஆளுங்க. அம்மா தவறி கொஞ்ச நாள்ல மரணச் சான்றிதழ் கைக்கு வந்துச்சு, அதுல தொழில்ங்கிற எடத்துல ஒரு சின்ன கோடு மட்டும் இழுத்திருந்தாங்க. எழுதினவரு மேல கோபமெல்லாம் வரல, அவரு என்ன பண்ணுவாரு, அம்மா பேர் பதிஞ்சு கொழுந்து எடுத்தவங்க இல்ல, செக்ரோல்ல (தோட்டத்து வேலையாட்கள் பதிவு) பேர் இல்ல, ஈபிஎஃப் (சேமலாப நிதி) நம்பர் இல்ல, அப்பாதான் பெக்டரி வேலை, அம்மா வீட்டப் பாத்தாங்க. ஆனா நினைவு மலர் போடலாம்னு உக்காந்தப்போதான் சிக்கல் வெளங்குச்சு. வேலைக்குப் போனவங்களுக்கு கடதாசி இருக்கும், வீட்டப் பாத்தவங்க கதை பூரா அடுப்படியிலயும் அக்கம்பக்கத்து வாயிலயும்தான் கெடக்கும். அத எப்படிப் பொறுக்கி எடுக்குறதுன்னு நான் தட்டுத்தடுமாறி கத்துக்கிட்டதத்தான் இங்க எழுதுறேன். ஒரு போன், ஒரு சீஆர் கொப்பி (பெரிய நோட்டு) இருந்தா போதும். கருமாதிக்குள்ள முடிக்கணும்னு ஓடாதீங்க, வருஷத் திவசத்துக்குன்னு வச்சுக்கிட்டா நிதானமா செய்யலாம்.

படி 1: அடையாள அட்டைய எடுங்க

எங்க வீட்டுல அம்மா பொறந்த நாள் மூணு விதமா இருந்துச்சு, அப்பா ஒண்ணு சொல்றாரு, பெரிய மாமா ஒண்ணு சொல்றாரு, கோயில் அர்ச்சனைக்குச் சொல்றது இன்னொண்ணு. பழைய ஐடி நம்பர்லயே இதுக்கு விடை இருக்கு. மொத ரெண்டு இலக்கம் பொறந்த வருஷம், அடுத்த மூணு அந்த வருஷத்துல எத்தனையாவது நாள்ங்கிறது, பொம்பளைங்கன்னா அதோட 500 கூட்டியிருப்பாங்க. உதாரணத்துக்கு 58623ன்னு தொடங்குனா 1958, 623ல 500 போனா 123. ஒரு விஷயம் கவனம், எல்லா வருஷத்துலயும் பெப்ரவரிய 29 நாளா எண்ணித்தான் கணக்குப் போடணும், அப்போ 123ங்கிறது மே 2. புது 12 இலக்க நம்பர்ல வருஷம் முழுசா 1958ன்னே இருக்கும், மத்தது அதே கணக்கு.

அட்டையில இருக்குன்னு அப்படியே நம்பவும் வேணாம், தோட்டத்துல நெறைய பேருக்கு யாரோ ஒரு கணக்கப்புள்ள வாய்க்கு வந்த தேதியதான் போட்டு விட்டிருக்காரு, அதனால மாமா சொன்னதையும் பக்கத்துல எழுதி வைங்க.

பழைய நம்பரோட கடைசி எழுத்தையும் பாருங்க. வீ (V)ன்னா பதியும்போது ஓட்டுரிமை உள்ளவங்க, எக்ஸ் (X)னா இல்லாதவங்க. எங்கம்மாவோடது எக்ஸ். 1948 குடியுரிமைச் சட்டத்துல இந்தியாவுல இருந்து வந்த நம்ம தோட்டத்துச் சனத்துக்குப் பிரஜாவுரிமை இல்லாமப் போய், ஒப்பந்தம் மேல ஒப்பந்தம் போட்டு, மிச்சம் இருந்தவங்களுக்கு 2003லதான் சட்டம் வந்து முடிஞ்சுச்சு, இதெல்லாம் ஸ்கூல்ல படிச்சேன், ஆனா அம்மா ஒரு நாளும் பேசினதில்ல. ஓட்டு கெடச்சதுக்கப்புறம் எலெக்ஷன் அன்னைக்கு மட்டும் விடிய முன்னமே பீலியில (தண்ணி விழுற குழாய்) குளிச்சிட்டு, நல்ல சேலை கட்டி, மொத ஆளா போய் வரிசையில நிப்பாங்க. கோயிலுக்குக்கூட அவ்வளவு வெள்ளனப் போனதில்ல.

படி 2: வருஷம் கேக்காதீங்க, சம்பவம் கேளுங்க

"எந்த வருஷம் பெரியம்மா?"ன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. "பாண் கியூவுக்கு முந்தியா பிந்தியா?"ன்னு கேளுங்க, டக்குன்னு சொல்வாங்க. கொப்பியில மொதல்ல இத எழுதிக்கங்க: இந்தியாவுக்கு அனுப்புற ஒப்பந்தம் 1964, மவுசாகலை அணையில தண்ணி நெறஞ்சு பழைய மஸ்கெலியா டவுன் முழுகினது 1969, மாவும் பாணும் இல்லாம கியூவுல நின்ன பஞ்சம் 1973-74, கொம்பனித் தோட்டங்கள அரசாங்கம் எடுத்தது 1975, கலவரம் 1977, அப்புறம் 1983. உங்க பக்கம் மண்சரிவு, ஆஸ்பத்திரி கட்டினது, கரண்ட் வந்ததுன்னு வேற இருக்கும், அதையும் சேருங்க.

இப்படிக் கேட்டதுலதான் அம்மா சின்ன வயசுல பழைய டவுன் கோயிலுக்குப் போனவங்கன்னே தெரிஞ்சுச்சு. அந்தக் கோயில் இப்பவும் வெயில் காலத்துல தண்ணி எறங்கினா வெளிய தெரியும், தம்பி போய் போட்டோ எடுத்துட்டு வந்தான், அது மலரோட மூணாம் பக்கத்துல இருக்கு. ஒப்பந்தத்துல போன சொந்தக்காரங்களையும் விட்டுறாதீங்க. சின்ன மாமா தலைமன்னார்ல கப்பல் ஏறிப் போய் இப்ப கூடலூர் பக்கம் இருக்காரு, வட்ஸ்அப்ல பேசினோம், அம்மா பாவாடை சட்டையில நிக்கிற ஒரே போட்டோ அவருகிட்டதான் இருந்துச்சு.

படி 3: ரெக்கோர்ட் பண்ணுங்க, ஆனா மழையில வேணாம்

நான் செஞ்ச மடத்தனத்த சொல்றேன். அடுத்த காம்பரா (லயத்து வீடு) பெரியம்மாவ உக்கார வச்சு ஒரு மணித்தியாலம் பேச வச்சு, வீட்டுக்கு வந்து போட்டுப் பாத்தா தகரத்துல மழை அடிக்கிற சத்தம்தான் கேக்குது, நடுநடுவுல "உங்கம்மா… உங்கம்மா…"ன்னு மட்டும். அதனால காலையில வெயில் இருக்கும்போது போங்க, போன ஒரு துண்டு மேல கிட்டத்துல வைங்க, மொதல்ல ஒரு நிமிஷம் எடுத்துக் கேட்டுப் பாத்துட்டுத் தொடங்குங்க.

ரெண்டாவது மடத்தனம், "அம்மா எப்படிப்பட்டவங்க?"ன்னு கேட்டது. "தங்கமான பொம்பள"ன்னு சொல்லிட்டு கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க, அதோட சரி. அடுத்த முறை அம்மாவோட ரொட்டிக்கல்ல கையோட எடுத்துட்டுப் போய் முன்னால வச்சேன். பெரியம்மா அத ஒரு தடவ தடவிப் பாத்துட்டு தானாத் தொடங்கினாங்க: "நாங்க மலையில இருந்து நனைஞ்சுகிட்டு வர்றதுக்குள்ள உங்கம்மா எங்க காம்பராவத் தொறந்து, மிலாறு வெறகு போட்டு அடுப்பப் பத்த வச்சு, சாயத்தண்ணி கொதிக்க வச்சிருப்பா. இந்த லயத்துல ஆறு வீட்டுச் சாவி அவ முந்தானையிலதான் கெடந்துச்சு. உனக்குத் தெரியாதா?"

சத்தியமா தெரியாது. அம்மா நடந்தா கிணிகிணின்னு ஒரு சத்தம் வரும், அது நம்ம வீட்டுச் சாவின்னே நெனச்சு வளந்துட்டேன். பொருள் எதையாவது கொண்டு போங்க, அவ்வளவுதான் சொல்வேன்.

படி 4: கைப்பக்குவத்த அளந்து எழுதுங்க

"கண் அளவு"ன்னு எழுதி வச்சா பேத்திக்கு ஒண்ணும் வெளங்காது. அம்மாகிட்ட கத்துக்கிட்டவங்க யாரையாவது ரொட்டி சுட வைங்க, எங்க வீட்டுல அக்கா. ஒவ்வொரு தடவ கை வைக்கும்போதும் நிப்பாட்டி அளக்கணும், அக்கா ஏசினாங்க, பரவால்ல. ஒரு சுண்டு கோதுமை மாவுக்கு அரைச் சுண்டு தேங்காய்ப்பூ, உப்பு, தண்ணி, அப்புறம் இடிச்ச சம்பலுக்கு எத்தனை கொச்சிக்கா, எவ்வளவு மாசி, தேசிக்கா எப்பப் புழியணும்னு எல்லாம்.

ஒரு நாளைக்கு 20 ரொட்டின்னு வச்சு 38 வருஷத்துக்குக் கணக்குப் போட்டேன், 2,77,400 வந்துச்சு. "தீபாவளிக்கு ரொட்டி சுடல, அதக் கழி"ன்னான் தம்பி.

படி 5: போட்டோ

நம்ம ஊர் ஈரத்துல கண்ணாடி ஃபிரேம்ல இருக்குற படம் ஒட்டிப் போயிருக்கும். இழுக்காதீங்க, முகம் உரிஞ்சு கண்ணாடியிலயே தங்கிரும். கண்ணாடியோடயே ஜன்னல் பக்கம் வச்சு, ஃபிளாஷ் போடாம, கொஞ்சம் சாய்ச்சுப் புடிச்சு போன்ல எடுங்க. நனைஞ்ச படத்த வெயில்லயும் அடுப்பு மேலயும் காய வைக்க வேணாம், நெழல்ல போதும்.

படி 6: எழுதி, அச்சுக்குக் குடுக்குறது

பக்கம் நாலால பிரிபடணும். நாலு ஏ4 தாள மடிச்சா 16 பக்கம், அது தாராளம். கடையில வச்சிருக்குற ரெடிமேட் கவிதை வேணாம், "குடும்ப விளக்கே" மாதிரி வரி எந்த அம்மாவுக்கும் பொருந்தும். அப்பா குடிச்சத எழுதுறதான்னு எங்களுக்குள்ள பெரிய சண்டை, கடைசியில அப்பாவே "ஒரு வரி போடு"ன்னாரு, போட்டோம்.

டைப் பண்ணினத பாமினிக்கு (பழைய தமிழ் எழுத்துரு) மாத்தித் தாங்கன்னு அச்சடிக்கிற எடத்துல கேப்பாங்க, மாத்தும்போது கொம்பும் காலும் எடம் மாறும், அதனால ஒரு பிரதி அடிச்சு வாங்கி, சத்தமா வாசிச்சு திருத்துங்க. எங்களுக்கு அம்மா பேருலயே ஒரு எழுத்துப் பிழை, நல்ல காலம் அக்கா கண்ணுல பட்டுச்சு.

கடைசி ரெண்டு பக்கத்த வெறுமையா விடுங்க. திவசத்தன்னைக்கு மலரக் குடுத்து அரை மணித்தியாலம் ஆகல, பெரியம்மா பேத்திய வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு ரொட்டிப் பக்கத்த விரிச்சுப் புடிச்சுக்கிட்டே வந்தாங்க: "தண்ணின்னு போட்டிருக்கியே தம்பி, உங்கம்மா சுடுதண்ணி ஊத்தித்தான் பெசைவா. பேனையக் குடு." எழுதத் தெரியாதவங்க, பேனைய வாங்கி என் கையிலயே திருப்பிக் குடுத்துட்டு, பக்கத்துல உக்காந்து சொல்லத் தொடங்கினாங்க.