சோர்ன் வரைந்த குளிக்கும் பெண்: ஏலப் பட்டியலைப் படிப்பது எப்படி?

ஸ்டாக்ஹோம் ஏல நிறுவனங்களின் பட்டியலில் ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் (1860–1920) பெயரைத் தேடிப் பாருங்கள். கடலோரப் பாறையிலோ ஆற்றங்கரையிலோ ஆடையின்றிக் குளிக்கும் ஒரு பெண் அநேகமாகக் கண்ணில் படுவாள். புதிதாகப் பார்ப்பவரின் பார்வை நேரே விலைக்குத்தான் போகும். விலையைக் கையால் மறைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

படி 1: எதனால் ஆனது?

படத்துக்குக் கீழே உள்ள ஒரு சொல்லைத் தேடுங்கள். ஸ்வீடிஷ் மொழியில் ‘ஒல்யா’ என்றால் எண்ணெய் வண்ணம், ‘அக்வரெல்’ என்றால் நீர்வண்ணம், ‘எட்ஸ்னிங்’ என்றால் செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுத்த அச்சு. சோர்ன் 280க்கும் மேற்பட்ட தகடுகளைச் செய்தவர். ஒரே தகட்டிலிருந்து பல பிரதிகள் எடுக்கலாம். அதனால்தான் அதே ஓவியரின் குளிக்கும் பெண் ஒருத்தி எட்டாத விலையிலும் இன்னொருத்தி நடுத்தர வருமானக்காரருக்கு எட்டும் விலையிலும் கிடைக்கிறாள்.

நீர்வண்ணம் என்றதும் மலிவு என்று எண்ணிவிடாதீர்கள். அவர் 1886இல் தீட்டிய ‘சொம்மர்னோயே’ நீர்வண்ணம்தான். 2010இல் ஸ்டாக்ஹோமில் அது 2.6 கோடி குரோனருக்கு (ஸ்வீடன் நாணயம்) ஏலம் போனது.

படி 2: தண்ணீரைப் பாருங்கள்

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். படத்தைப் பெரிதாக்கி, பெண்ணின் முழங்காலைத் தண்ணீர் தொடும் இடத்துக்கு வாருங்கள். சோர்னின் முழுத் திறமையும் அங்கேதான் இருக்கிறது என்பேன். தூரத்திலிருந்து அலையாகத் தெரிவது, கிட்டே போனால் நாலைந்து அகன்ற தூரிகை வீச்சுகள் மட்டுமே. அவை ஒன்றோடொன்று குழைக்கப்படாமல் அப்படியே விடப்பட்டிருக்கும்.

அடுத்து தோல். வெள்ளை, மஞ்சள் காவி, சிந்தூரச் சிவப்பு, கறுப்பு ஆகிய நான்கு வண்ணங்களைக் கொண்டே பெரும்பாலும் வேலை செய்தார் என்பது அவரைப் பற்றிய புகழ்பெற்ற செய்தி. வேறு வண்ணங்களையும் அவர் பயன்படுத்தியதுண்டு. ஆனாலும் தோளின் நிழலைக் கவனியுங்கள்: நீலம்போல் தெரிவது பல வேளைகளில் கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல்தான். பக்கத்தில் வெதுவெதுப்பான காவி இருப்பதால் கண் அதை நீலமாக எடுத்துக்கொள்கிறது.

அந்தப் பெண்ணுக்குத் தேவதைப் பெயரும் இல்லை, புராணக் கதையும் இல்லை. வெயிலில் நனைந்த ஒரு மனுஷி, அவ்வளவுதான். 1888இல் ஸ்டாக்ஹோமுக்கு அருகிலுள்ள டாலரோ தீவுப் பகுதியில் திறந்தவெளி நிர்வாண ஓவியங்களை அவர் தீட்டத் தொடங்கியபோது இந்த எளிமை புதிது. எனக்கு அவரைப் பிடிக்கக் காரணமும் அதுவே.

படி 3: அச்சு என்றால் மட்டும்

படத்துக்குக் கீழே உள்ள வெள்ளை ஓரத்தில் பென்சில் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். கையெழுத்துள்ள பிரதிக்குக் கூடுதல் மதிப்பு. தகடு அழுத்திய பள்ளம் படத்தைச் சுற்றித் தெரிய வேண்டும். பூதக்கண்ணாடியில் கோடுகளுக்குப் பதிலாகச் சீரான புள்ளிகள் தெரிந்தால் அது பிற்காலத்து இயந்திர நகல், விலகிவிடுங்கள்.

படி 4: கேள்வி கேளுங்கள்

காகிதம் பழுப்பேறியிருக்கிறதா, ஓரம் வெட்டப்பட்டதா, எண்ணெய் ஓவியமானால் பிற்காலத்தில் யாராவது மேலே வண்ணம் பூசித் திருத்தினார்களா என்று நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கலாம். அதில் கூச்சம் தேவையில்லை. இதற்கு முன் யார் யாரிடம் இருந்தது என்ற வரலாற்றையும் கேளுங்கள். பட்டியலில் ‘டில்ஸ்க்ரிவென்’ என்ற சொல் இருந்தால், அது சோர்னுடையதாகக் கருதப்படுகிறது என்று மட்டுமே பொருள்.

படி 5: இப்போது விலை

கையை எடுத்துவிட்டு மதிப்பீட்டு விலையைப் பாருங்கள். ஏலம் நடத்துபவர் சுத்தியலைத் தட்டும் தொகையோடு கணக்கு முடிவதில்லை; வாங்குபவர் தரும் கட்டணம் அதன்மேல் ஏறும். கட்டணம் 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 20,000 குரோனருக்குத் தட்டிய அச்சுக்கு நீங்கள் கட்டுவது 25,000. அனுப்பும் செலவும் சுங்கமும் தனி. நூறாண்டு கடந்த, மதிப்பு மிகுந்த ஓவியமானால் ஸ்வீடனை விட்டு வெளியே கொண்டுபோக அரசு அனுமதி தேவைப்படலாம். அந்த அனுமதியை யார் வாங்கித் தருவார்கள் என்பதை ஏலத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.