காலோ கையோ போன பிறகு காப்புறுதி: நம் ஆட்கள் செய்யும் தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் கையோ காலோ இழந்தவர்களிடம் காப்புறுதி பற்றிப் பேச்செடுத்தால், "நமக்கெல்லாம் எவன்ணே குடுப்பான்" என்று அங்கேயே முடித்துவிடுகிறார்கள். எனக்கும் இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது, மோட்டார் விபத்தில் போனது, அதனால் இந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. ஆனால் அது சரியில்லை. கம்பெனிக்காரர்கள் முதலில் பார்ப்பது கால் ஏன் போனது, அந்தக் காரணம் இன்னும் உடம்பில் இருக்கிறதா என்பதைத்தான். இதைப் புரிந்துகொள்ளாமல் போவதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஏற்கெனவே கையில் இருக்கும் பாலிசியை விட்டுவிடுவது. கால் போனதும் வருமானம் குறைகிறது, ஓவர்டைம் இல்லை, ஆனால் காடித் தவணை நிற்காது, ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போய் வரும் செலவு வேறு, அப்போது வீட்டில் முதலில் கை வைப்பது மாதாமாதம் போகும் காப்புறுதிப் பணத்தில்தான். கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பாலிசி உங்களுக்கு இரண்டு காலும் இருந்தபோது எடுத்தது, அதே விலைக்கும் அதே நிபந்தனைக்கும் இன்னொன்று இனி கிடைப்பது கஷ்டம். ஆயுள் காப்புறுதியில் பிரிமியம் தேதி தாண்டினால் வழக்கமாக 30 நாள் அவகாசம் உண்டு. அதையும் விட்டுக் காலாவதியாகிவிட்டால், மறுபடி உயிர்ப்பிக்க உடல்நிலை வாக்குமூலத்தைப் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும், அதில் போன காலையும் எழுத வேண்டும், கம்பெனி அங்கேயே மறுக்கலாம். கட்டவே முடியாத நிலை என்றால் பாலிசியை சரண்டர் செய்வதற்கு முன் காப்புத் தொகையைக் குறைத்துக்கொண்டு பிரிமியத்தையும் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். ஊனம் ஏற்பட்டால் பிரிமியம் கட்ட வேண்டாம் என்று சொல்லும் கூடுதல் சலுகை அந்தப் பாலிசியிலேயே சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், பலர் அதை வைத்திருப்பதே தெரியாமல் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

புதிதாக எடுப்பதைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே, பழையதில் கிடைக்க வேண்டியதைக் கேட்டு வாங்குங்கள். தனிநபர் விபத்துக் காப்புறுதியில் எந்த உறுப்பு போனால் எவ்வளவு என்று ஓர் அட்டவணை இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். ஆயுள் பாலிசியில் உள்ள முழு நிரந்தர ஊனம் என்ற பிரிவை நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. வழக்கமாக அதில் இரண்டு கைகால், அல்லது இரண்டு கண், அல்லது ஒரு கைகாலும் ஒரு கண்ணும் போனால்தான் நேரடியாகப் பணம் தருவார்கள், ஒரு கால் மட்டும் போனதற்கு வேறு நிபந்தனை பார்ப்பார்கள். பாலிசிப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை எடுத்து வைத்துப் படியுங்கள், புரியவில்லை என்றால் படித்த பிள்ளை யாரையாவது உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

அடுத்த தவறு, சொக்சோ (வேலை செய்பவர்களுக்கான அரசாங்கச் சமூகப் பாதுகாப்புத் திட்டம்) கிடைக்கிறது என்பதால் தனிக் காப்புறுதி தேவையில்லை என்று நினைப்பதும், தனிக் காப்புறுதி இருப்பதால் சொக்சோவை விட்டுவிடுவதும். இரண்டும் வேறு வேறு கணக்கு. வேலையிடத்து விபத்து மட்டும் இல்லை, வீட்டுக்கும் வேலைக்கும் இடையில் வழக்கமான வழியில் போகும்போது நடந்த விபத்தும் 1969-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும். நிரந்தர ஊனத்தை மருத்துவ வாரியம் சதவீதமாக மதிப்பிடும். 20 சதவீதத்துக்கு மேல் போகாவிட்டால் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம், அதைத் தாண்டினால் 5-இல் ஒரு பங்கை மொத்தமாகவும் மீதியை உயிருள்ளவரை மாதாமாதமும் வாங்கலாம். மதிப்பீடு குறைவு என்று தோன்றினால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தகுதி இருந்தால் செயற்கைக் கால், மறுவாழ்வுப் பயிற்சி எல்லாம் அங்கேயே கேட்கலாம். இதைச் சொல்லக் காரணம், பெரும்பாலான மெடிக்கல் கார்டுகள் (ஆஸ்பத்திரிச் செலவுக்கான காப்புறுதி) செயற்கைக் கால் வாங்கும் செலவைத் தருவதில்லை. அதை நம்பி கார்டு எடுத்துவிட்டுப் பிறகு வருத்தப்பட வேண்டாம்.

சரி, இப்போது புதிய பாலிசிக்கு வருவோம். இங்கே நடக்கும் ஆபத்தான விஷயம் மறைப்பது. ஏஜென்ட் பல நேரம் நமக்குத் தெரிந்தவராகவே இருப்பார், அத்தை மகன், கோயில் கமிட்டிக்காரர், இப்படி. "அத எழுத வேணாம்ணே, லோங் பேண்ட் போட்டா யாருக்குத் தெரியும்" என்று சொல்லி அவரே பாரத்தை நிரப்பி, கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு போவார். கையெழுத்து உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையது. 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின்படி, கம்பெனி கேட்கும் கேள்விகளுக்குத் தவறான தகவல் கொடுக்காமல் பதில் சொல்ல நீங்கள் நியாயமான கவனம் எடுக்க வேண்டும். வேண்டுமென்றே பொய் சொன்னதாக முடிவானால் ஒப்பந்தத்தையே ரத்து செய்து எந்த க்ளெய்மையும் மறுக்கலாம். கவனக்குறைவு என்று முடிவானால், உண்மை தெரிந்திருந்தால் கம்பெனி என்ன செய்திருக்கும் என்று பார்த்து முடிவெடுப்பார்கள். 200 ரிங்கிட் கட்டியிருக்க வேண்டிய இடத்தில் 100 கட்டியிருந்தால், பாதிப் பணம்தான் வரக்கூடும். "ரெண்டு வருஷம் ஓட்டிட்டா ஒண்ணும் பண்ண முடியாது" என்று ஒரு பேச்சு உலவுகிறது, அதை நம்பாதீர்கள். ஆயுள் பாலிசி 2 ஆண்டைத் தாண்டினால் தவறான தகவலைக் காட்டி ரத்து செய்ய முடியாது என்ற பாதுகாப்பு உண்டு, ஆனால் மோசடிக்கு அது பொருந்தாது, போன காலைப் பற்றிக் கேட்டும் எழுதாமல் விட்டதை மறதி என்று சொல்லி யார் நம்புவார்கள்? நாளைக்கு நீங்கள் இல்லாத நேரத்தில் அந்த மேசை முன் உட்காரப் போவது உங்கள் மனைவியும் பிள்ளைகளும். பாரத்தை நீங்களே படித்து, கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

ஓகேயு கார்டு (அரசாங்கம் தரும் ஊனமுற்றோர் அட்டை) எடுத்தால் காப்புறுதி கிடைக்காது என்று பயந்து பதிவே செய்யாமல் இருப்பவர்களையும் பார்க்கிறேன். கம்பெனி கேட்பது உடல்நிலையைப் பற்றி. கார்டு இல்லை என்பதால் கால் வளர்ந்துவிட்டதாக யாரும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. கார்டு இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் செலவு மிச்சமாகும், பயந்துகொண்டு அதையும் இழக்காதீர்கள்.

விண்ணப்பத்தில் "ஊனம்" என்று ஒரே வார்த்தை எழுதி அனுப்புவதும் தவறுதான். செம்பனைத் தோட்டத்தில் டிராக்டரில் மாட்டிப் போன காலும், இனிப்புநீரில் (நீரிழிவில்) விரலில் தொடங்கிப் பாதம் அழுகி எடுத்த காலும் கம்பெனிக்கு ஒன்றல்ல. விபத்தில் போய், புண் நன்றாக ஆறி, மற்றபடி ஆரோக்கியமாக இருப்பவருக்கு ஆயுள் காப்புறுதி சாதாரண விலையிலோ கொஞ்சம் லோடிங் (கூடுதல் பிரிமியம்) போட்டோ கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. இனிப்புநீர் என்றால் சிறுநீரகம், இதயம், கண் எல்லாம் கேட்பார்கள், லோடிங் அதிகமாகலாம், மறுப்பும் வரலாம். 2023 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டில் பெரியவர்களில் 15.6 சதவீதம் பேருக்கு இனிப்புநீர் இருந்தது, நம் இந்தியர்களிடம்தான் அது மிக அதிகம், ஆகவே ஒன்றும் எழுதாமல் விட்டால் கம்பெனி அதைத்தான் முதலில் சந்தேகிக்கும். டிஸ்சார்ஜ் குறிப்பு, எந்த இடத்தில் வெட்டினார்கள், எந்தத் தேதி, ஏன், புண் ஆறிவிட்டது என்ற டாக்டர் கடிதம், இனிப்புநீர் இருந்தால் கடைசி எச்பிஏ1சி (சில மாதச் சராசரி இரத்தச் சர்க்கரை) முடிவு, இப்போது செய்யும் வேலை, இதையெல்லாம் சேர்த்தே கொடுங்கள். புண் ஆறும் முன்பே அவசரப்பட்டு அனுப்பினால் தள்ளிவைத்துவிடுவார்கள். ஒரே வாரத்தில் ஐந்து கம்பெனிக்கும் அனுப்பவும் வேண்டாம், ஏனென்றால் முன்பு மறுக்கப்பட்டிருக்கிறீர்களா என்று பல பாரங்களில் கேட்பார்கள், அதற்கும் உண்மையாகப் பதில் சொல்ல வேண்டிவரும். முழு விண்ணப்பம் கொடுக்கும் முன்பே கம்பெனியின் கருத்தைக் கேட்க முடியுமா என்று ஏஜென்ட்டிடம் கேளுங்கள்.

ஒன்றில் மறுத்ததும் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். மெடிக்கல் கார்டு மறுக்கப்பட்டவருக்கு ஆயுள் காப்புறுதி கிடைத்திருக்கிறது, ஒவ்வொன்றும் தனித்தனியாக எடைபோடப்படும். 2017-இல் வந்த பெர்லின்டுங்கான் தெனாங் திட்டங்கள் குறைந்த விலையில், குறைவான கேள்விகளோடு வருபவை, பெரிய தொகை இல்லை என்றாலும் பார்க்கலாம்.

பாலிசி கைக்கு வந்ததும் விலக்குப் பகுதியைப் படியுங்கள். இதைத்தான் நான் எல்லாரிடமும் வற்புறுத்திச் சொல்வேன். "இடது கால் மிச்சப்பகுதி சம்பந்தப்பட்ட சிகிச்சை கிடையாது" என்று எழுதியிருந்தால் ஒத்துக்கொள்ளலாம், "எலும்பு, மூட்டு சம்பந்தப்பட்ட எதுவும் கிடையாது" என்று அகலமாக எழுதியிருந்தால் அதைச் சுருக்கச் சொல்லிக் கேளுங்கள், காரணம் கேளுங்கள். மெடிக்கல் கார்டில் வழக்கமாக முதல் 30 நாள் நோய்களுக்குக் காப்பு இல்லை, சில குறிப்பிட்ட நோய்களுக்கு 120 நாள், விபத்துக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. ஆயுள் பாலிசி பிடிக்கவில்லை என்றால் கையில் கிடைத்ததிலிருந்து 15 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

க்ளெய்மை நியாயமில்லாமல் மறுத்தால், முதலில் கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கு எழுத்தில் போங்கள். அவர்களின் இறுதி முடிவு வந்து 6 மாதத்துக்குள் நிதிச் சந்தை ஒம்பட்ஸ்மேன் சேவைக்கு (இப்படிப்பட்ட தகராறுகளை விசாரித்துத் தீர்க்கும் அமைப்பு) போகலாம், 2025 ஜனவரி முதல் இந்தப் பெயரில் இயங்குகிறது, நமக்குக் கட்டணம் இல்லை. ஆனால் புதிய விண்ணப்பத்தை ஏற்பதும் பிரிமியம் எவ்வளவு என்பதும் பொதுவாகக் கம்பெனியின் முடிவு, அதை ஒம்பட்ஸ்மேன் மாற்றித் தரமாட்டார். காரணமே சொல்லாமல் ஊனத்தைக் காட்டி விரட்டினால் பேங்க் நெகாராவுக்கு (மத்திய வங்கி) எழுதுங்கள், அதற்கு மறுப்புக் கடிதம் கையில் இருக்க வேண்டும், ஏஜென்ட் போனில் சொன்ன "கிடைக்கலண்ணே" போதாது.