வீட்டு ஜெபக்கூட்டத்தில் பாட்டு நடத்த

பத்துப் பன்னிரண்டு பேர் பாயில் உட்காரும் கூட்டத்துக்கு மைக் வேண்டாம், கீபோர்டும் பெரும்பாலும் வேண்டாம். சுருதிதான் முக்கியம். அதைப் பாட்டின் தொடக்கத்தை வைத்துப் பிடிக்காதீர்கள். கீர்த்தனையில் பல்லவி தணிவாக இருந்தாலும், அதை அடுத்து வரும் அனுபல்லவியோ, பிறகு வரும் சரணமோ மேலே ஏறிவிடும். ஏறும் வரியை வீட்டிலேயே பாடிப் பார்த்து, அது பெரியம்மாக்களுக்கும் எட்டுமாறு சுருதியை வையுங்கள். நான் எனக்கு வசதியானதைவிட அரைக் கட்டை (கட்டை என்பது சுருதியின் அளவு) குறைத்துத்தான் எடுப்பேன். காலை ஜெபமென்றால் இன்னும் கொஞ்சம் குறைப்பேன், தூக்கக் குரல் ஏறாது.

பாட்டு எண்ணை இரண்டு தடவை சொல்லுங்கள். பல்லவியை முதலில் நீங்கள் தனியாகப் பாடுங்கள், அப்புறம் மற்றவர்கள் சேரட்டும். ஒவ்வொரு சரணத்துக்கும் முன்னால் முதல் இரண்டு வார்த்தையை எடுத்துக் கொடுங்கள். கண்ணாடி கொண்டுவராத தாத்தாக்கள் வாழ்த்துவார்கள். கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) எழுதிய கீர்த்தனைகளைப் புத்தகமில்லாமல் பாடும் பாட்டி இருந்தால், அவரையே தொடங்கவிடுங்கள். நீளமான பாட்டில் மூன்று சரணம் போதும்.

கைதட்டினால் வேகம் தானாகக் கூடும். யாரையும் முறைக்காமல், உங்கள் தொடையில் தாளத்தை விடாமல் பிடியுங்கள். பரீட்சை நேரத்தில் டம்பரின் வேண்டாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் படிப்பார்கள்.