விருந்தினர் வரும் ஊரில் இளைஞரை வயலுக்கு அழைப்பது எப்படி?

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பெரிய வீடுகள் சில தங்கும் விடுதிகளாகிவிட்ட பிறகு, ஊர் இளைஞர்களுக்கு வண்டி ஓட்டவும் அறை பார்க்கவும் வீடு சுற்றிக் காட்டவும் வேலை கிடைக்கிறது. அதை விட்டுவிட்டு வயலுக்கு வா என்றால் ஒருவரும் வரமாட்டார்கள்; அப்படி அழைப்பதும் முறையன்று. அந்த வேலையோடு சேர்த்துச் செய்யும் சிறு சாகுபடியாகத் தொடங்கி வைக்க வேண்டும். பாலித் தீவை அடுத்த லெம்பொங்கானில், சுற்றுலா வேலைக்காகக் கடற்பாசி வளர்ப்பைக் கைவிட்டிருந்தவர்கள், 2020-இல் பயணிகள் வரத்து நின்றதும் அதற்கே திரும்பினார்கள். தொழில் கைமறக்காததால் அது முடிந்தது. நம் பக்கத்திலோ மடை திறந்து நீர் பாய்ச்சத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் முதியவர்கள்.

முதலில் தேட வேண்டியது விதையை அன்று, வாங்குபவரை. விடுதிச் சமையற்கட்டுக்கு அந்த இளைஞரையே அனுப்பி, வாரத்துக்கு எத்தனை வாழை இலை, எத்தனை கட்டுக் கீரை, எவ்வளவு கறிவேப்பிலை தேவை என்று கேட்டு எழுதிவரச் செய்யுங்கள். தரத்தையும் அங்கேயே கேட்டுக்கொள்வது நல்லது. நான் முதன்முறை இலை கொண்டுபோனபோது, வெயில் ஏறிய பின் அறுத்துச் சாக்கில் திணித்திருந்தேன். சமையல் செய்யும் ஆச்சி ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்து, கிழிந்ததையெல்லாம் ஒதுக்கி முடித்தபோது நூறில் நாற்பதுதான் தேறியது. விடியற்காலையில் அறுத்து, நீர் தெளித்து, முற்றிய இலையை மேலே சுற்றிக் கட்ட வேண்டும் என்பதை அவர்தான் சொல்லிக் கொடுத்தார்.

பயிரைத் தேர்ந்தெடுக்கும்போது, கையில் காசு வரும் நாளைக் கணக்கிடுங்கள். கீரை ஏறத்தாழ 30 நாளில் பணமாகிவிடும் என்பதால் அதிலேயே தொடங்கலாம். கறிவேப்பிலையை வரப்போரம் நட்டு ஓராண்டு பொறுக்க வேண்டும். விருந்தினர் விரும்பிக் கேட்கும் கவுனி அரிசிக்கு நல்ல விலை உண்டெனினும், அது ஏறத்தாழ ஐந்து மாதப் பயிர்; உயரமாக வளர்வதால், யூரியாவை அள்ளிப் போட்டால் கதிர் முற்றும் நேரத்தில் சாய்ந்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் நிறைந்தால்தான் அதைப் பற்றி யோசிக்க வேண்டும், அதுவும் இரண்டாம் ஆண்டில்.

நிலம்தான் பெரிய சிக்கல். உரிமையாளர் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார். வாய்மொழி அனுமதியை நம்பி, கருவேலத்தை வெட்டி நிலத்தைத் திருத்திய பிறகு திருப்பிக் கேட்டால் உழைப்பு வீண். ஆகவே ஐந்தாண்டுக் குத்தகையைப் பெரியவர்கள் முன்னின்று எழுத்தில் வாங்கிக் கொடுங்கள். இளைஞரால் தனியே கேட்டுப் பெற இயலாதது இது ஒன்றுதான். மண் பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

வெயில் காலத்தில் விருந்தினர் குறைவார்கள். ஏப்ரல், மே மாதங்களுக்குப் பாத்திகளைப் பாதியாகக் குறைத்து, விளைவதைக் காரைக்குடிச் சந்தைக்கு அனுப்புங்கள். முதல் ஆண்டில் இருபது சென்ட்டுக்கு மேல் போக வேண்டாம். ஆழ்துளைக் கிணற்றுக்குக் கடன் வாங்கவும் விடாதீர்கள். இந்தச் சரளை மண்ணில் ஒரு கிணறு பொய்த்தால், அந்தப் பிள்ளை மறுபடியும் வரப்பை மிதிக்கமாட்டான்.