ஆக்சிஜன் கருவியும் செடித் தொட்டியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆக்சிஜன் கூடும், பாசி குறையும் என்று நம்பி, ட்வின்ஸ்டார், சிஹிரோஸ் டாக்டர் மாதிரியான மின்னாற்பகுப்புக் கருவிகளை (மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிப்பவை) வாங்கலாமா என்று செடித் தொட்டி, அதாவது நீர்ச்செடிகள் வளர்க்கும் மீன் தொட்டி, வைத்திருப்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தண்ணீருக்குள் சின்ன உலோக வலை ஒன்று, அதிலிருந்து புகை போல நுண்குமிழ்கள் கிளம்பும், பார்க்க அழகுதான். ஆனால் பெரும்பாலான தொட்டிகளுக்கு அது தேவையில்லை.

அந்தக் குமிழ்கள் எல்லாமே ஆக்சிஜன் என்று நினைப்பதுதான் முதல் தவறு. தண்ணீர் பிரியும்போது இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் வரும். ஒரு ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் ஓடினால் கிடைக்கும் ஆக்சிஜன் சுமார் 0.3 கிராம். இந்தக் கருவிகள் விட்டுவிட்டு ஓடுபவை, அதனால் அரை ஆம்பியரில் ஒரு நாளைக்கு மொத்தம் அரை மணி நேரம் ஓடுவதாக வைத்துக்கொள்வோம்: 75 மில்லிகிராம். 60 லிட்டர் தொட்டியில் அது லிட்டருக்கு 1.25 மில்லிகிராம், அதுவும் ஒரு குமிழ்கூட மேலே போய் உடையாமல் அத்தனையும் கரைந்தால்!

விளக்கு எரியும்போது நன்றாக வளரும் செடிகளே இதைவிட அதிகம் தந்துவிடும். 25 டிகிரி வெப்பத்தில் காற்றிலிருந்து தண்ணீரில் கரைந்து நிற்கக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்கு எட்டு மில்லிகிராம் சொச்சம். செடிகள் அந்த அளவையும் தாண்டும்போதுதான் இலையில் முத்து முத்தாகக் குமிழ் நிற்கிறது, அதைத்தான் பெர்லிங் என்கிறோம். கருவியிலிருந்து மிதந்து வந்து இலையில் ஒட்டிய குமிழைப் பார்த்து செடி பெர்லிங் செய்கிறது என்று ஏமாந்துவிடாதீர்கள். ஒரு நாள் கருவியை அணைத்துவிட்டு, விளக்கு போட்டு சில மணி நேரம் கழித்துப் பாருங்கள், அப்போது தெரிவதுதான் செடியின் வேலை.

ஆக்சிஜன் குறைவது இரவில்தான். அப்போது செடியும் மூச்சு விடுகிறது, மீனும் மூச்சு விடுகிறது, சென்னைக் கோடையில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் கரையும் அளவே இன்னும் குறையும். விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் உடனே கவனியுங்கள். விளக்கு அணைந்ததும், செடிகளுக்காகத் தண்ணீரில் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு நிற்க வேண்டும், ஏர் பம்ப் ஓட வேண்டும், இரண்டையும் டைமரில் போட்டுவிடலாம். ஏர் பம்ப் குழாயின் முனையில் இருக்கும் ஏர் ஸ்டோன் என்ற நுண்துளைக் கல்லின் குமிழிலிருந்து நேரடியாகக் கரைவது கொஞ்சம்தான், மேற்பரப்பை அது கலக்கிவிடுவதால்தான் ஆக்சிஜன் இறங்குகிறது. பகலில் அதே கலக்கல் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றிவிடும், அதனால் இரவுக்கு மட்டும் போதும்.

அப்புறம் பாசி. நீரில் மிதக்கும் பாசி வித்துக்களில் கொஞ்சம் இந்தக் கருவியால் சாகலாம், ஆனால் இலையிலும் கட்டையிலும் வேர்விட்டதுபோலப் பிடித்துக்கொண்ட பாசியை அது ஒன்றும் செய்யாது. அதிக நேரம் எரியும் விளக்கு, நிலையில்லாத கார்பன் டை ஆக்சைடு, அழுகிய இலை, அதிகத் தீனி, பாசிக்குக் காரணமான இதையெல்லாம் சரிசெய்யாமல் கருவிக்குச் செலவழிக்காதீர்கள். விளக்கை ஆறு மணி நேரமாகக் குறைத்து, வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

உண்மையில் ஆபத்தான தவறு வீட்டிலேயே கருவி செய்வது. செம்புக் கம்பியை மின்முனையாக வைத்தால் செம்பு கரைந்து இறால்கள் செத்துப்போகும். எவர்சில்வர் துண்டும் வேண்டாம், குரோமியமும் நிக்கலும் இறங்கும். குமிழ் நிறைய வரட்டும் என்று உப்புப் போடவே கூடாது, குளோரின் உருவாகும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? சரி, தூக்கிப் போட வேண்டாம், குறைந்த அளவில் ஓட்டுங்கள். போர்வெல் தண்ணீரில் வலை மீது வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும், கருவியை அணைத்துவிட்டு வலையைக் கழற்றி வினிகரில் ஊற வைத்து, நன்றாக அலசிய பிறகே திரும்பத் தொட்டியில் வையுங்கள்.