பெர்க்லியைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளைக்கு இடம் கிடைத்த பெற்றோர், மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள், அந்த ஊரைப் பற்றிக் கட்டுரை எழுதுபவர்கள் என்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைப் பற்றிப் பேசுகிற பலரும் நோபல் பரிசுகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது ஒரு மாநிலத்து மக்களின் சொத்து என்பது மறந்துபோகிறது. அந்த இடம் யாருக்குச் சொந்தம், அங்கே யார் என்ன செய்யலாம் என்ற சண்டை தொடக்கத்திலிருந்து இன்றுவரை ஓயவில்லை. அதை விட்டுவிட்டு பெர்க்லியைப் பேசும்போதுதான் பெரும்பாலான தவறுகள் வருகின்றன.

முதலில் ஒரு சின்னக் குழப்பம். 2014-ல் ஏ.ஆர்.ரஹ்மானுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது பாஸ்டனில் உள்ள பெர்க்லீ இசைக் கல்லூரி. பெயர் ஒன்றுபோல ஒலித்தாலும், கலிஃபோர்னியாவின் பெர்க்லிக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அடுத்தது, காசு சம்பந்தப்பட்டது. "அரசுப் பல்கலைக்கழகம்தானே, செலவு குறைவாகத்தான் இருக்கும்" என்று நம்பி விண்ணப்பிக்க வேண்டாம். வருமானம் இடம் கொடுத்தவுடன் மாநிலத்தில் வசிப்பவர்களுக்குக் கல்வி இலவசமாக இருக்க வேண்டும் என்று 1868-ல் போட்ட நிறுவனச் சட்டமே சொன்னது. இன்று கலிஃபோர்னியாவிலேயே வசிப்பவர்கள்கூட இளங்கலைக்கு ஆண்டுக்கு 15,000 டாலருக்கு மேல் கட்டுகிறார்கள். வெளிமாநிலத்தவரும் வெளிநாட்டவரும் அதற்கு மேல் இன்னும் 34,000 டாலருக்கு அதிகமாகக் கட்ட வேண்டும். அறை வாடகையும் சாப்பாடும் தனி. முனைவர் பட்ட மாணவர்களின் கணக்கு வேறு. பாடம் நடத்தியோ ஆய்வில் உதவியோ பலர் கட்டணத்தை ஈடுகட்டிச் சம்பளமும் வாங்குகிறார்கள். ஆனால் அந்தச் சம்பளம் வீட்டு வாடகைக்கே காணாது என்றுதான் 2022 நவம்பரில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பத்து வளாகங்களிலும் சுமார் 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

தோற்றக் கதையையும் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். ஓக்லண்டில் கலிஃபோர்னியா கல்லூரி என்று ஒரு தனியார் கல்லூரி இருந்தது. அதனிடம் பெர்க்லியில் நல்ல இடம் இருந்தது, பணம் இல்லை. மாநில அரசுக்கோ 1862-ல் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டத்தின்படி ஒன்றரை லட்சம் ஏக்கர் நிலம் கிடைத்திருந்தது. அதை விற்றுக் கல்லூரி நடத்தலாம். இரண்டும் சேர்ந்து 1868 மார்ச் 23-ல் பல்கலைக்கழகம் பிறந்தது. 1873-ல் பெர்க்லிக்குக் குடிபெயர்ந்தார்கள். அப்போது கட்டிய சவுத் ஹால் இன்றும் நிற்கிறது. இதுவரை எல்லோரும் சொல்வார்கள். விற்கப்பட்ட நிலம் பழங்குடி மக்களின் கையிலிருந்து போனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1851, 1852-ல் கலிஃபோர்னியப் பழங்குடிகளோடு போட்ட 18 ஒப்பந்தங்களை அமெரிக்க செனட் ஏற்கவே இல்லை. வளாகம் இருக்கும் மண்ணும் ஒலோனி மக்களுடையது. இதைச் சொல்லாத வரலாறு முழுமையாகாது.

அதிகத் தவறுகள் நடப்பது 1964-ன் பேச்சுரிமை இயக்கத்தில்தான். "வியட்நாம் போரை எதிர்த்து மாணவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள், ரீகன் அடக்கினார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. அமெரிக்கப் போர்ப்படைகள் வியட்நாமில் இறங்கியது 1965 மார்ச்சில். ரீகன் கலிஃபோர்னியாவின் ஆளுநரானது 1967-ல். 1964-ல் ஆளுநராக இருந்தவர் ஜனநாயகக் கட்சியின் பாட் பிரௌன். மாணவர்களைக் கைது செய்ய உத்தரவிட்டவரும் அவர்தான்.

சண்டை தொடங்கியது பேங்க்ராஃப்ட் சாலையும் டெலிகிராஃப் அவென்யூவும் சந்திக்கும் இடத்தில், 26 அடி அகல நடைபாதைத் துண்டு ஒன்றில். அது நகராட்சியின் இடம் என்று நினைத்து மாணவர்கள் அங்கே மேசை போட்டு அரசியல் துண்டறிக்கை கொடுப்பார்கள், நிதி திரட்டுவார்கள். அந்த இடம் எங்களுடையது, இனி மேசை போடக் கூடாது என்று செப்டம்பரில் நிர்வாகம் அறிவித்தது. அந்தக் கோடையில்தான் மாணவர்களில் சிலர் மிசிசிப்பிக்குப் போய், கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கப் பாடுபட்டுத் திரும்பியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் மாரியோ சேவியோ. ஆக, இயக்கத்தின் வேர் இன உரிமைப் போராட்டத்தில் இருக்கிறது.

அக்டோபர் 1-ல் வளாகத்துக்குள் ஸ்ப்ரௌல் சதுக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த முன்னாள் மாணவர் ஜாக் வைன்பர்க்கைக் கைது செய்து போலீஸ் காரில் ஏற்றினார்கள். மாணவர்கள் காரைச் சுற்றித் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். 32 மணி நேரம் கார் நகரவில்லை, வைன்பர்க் உள்ளேயே இருந்தார். காரின் கூரையே மேடையானது. அதன் மேல் ஏறிப் பேசப் போன சேவியோ, கார் கெட்டுவிடக் கூடாதென்று காலணிகளைக் கழற்றிவிட்டு ஏறினார். கலவரக்காரர்கள் என்று அவர்களை எழுதுகிறவர்கள் இந்த ஒரு செயலை மனதில் வைத்துக்கொண்டால் போதும். டிசம்பரில் நிர்வாகக் கட்டடமான ஸ்ப்ரௌல் ஹாலுக்குள் உட்கார்ந்த சுமார் 800 பேர் கைதானார்கள். சில நாளில் பேராசிரியர் மன்றம் 824-க்கு 115 என்ற வாக்கில் மாணவர்களின் கோரிக்கைகளை ஆதரித்தது. இந்த வாக்கெடுப்பைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆசிரியர்கள் மாணவர்கள் பக்கம் சேராமல் நிர்வாகம் இறங்கி வந்திருக்காது.

ரீகன் வருவது இதற்குப் பிந்தைய கதையில். 1969 மே மாதம் 'மக்கள் பூங்கா' என்ற மூன்று ஏக்கருக்கும் குறைந்த இடத்துக்காக நடந்த மோதலில் போலீஸ் சுட்டதில், கூரைமேல் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் ரெக்டர் இறந்தார். ரீகன் அனுப்பிய தேசியக் காவல்படை ஊருக்குள் வந்தது, ஹெலிகாப்டரிலிருந்து கண்ணீர்ப்புகை கொட்டப்பட்டது. 1964-ஐயும் 1969-ஐயும் ஒன்றாக்கிவிடாதீர்கள். முன்னதில் நிர்வாகம் இறங்கி வந்தது, பின்னதில் ரத்தம் சிந்தியது. அந்தப் பூங்காவை 2024 ஜனவரியில் சரக்குப் பெட்டகங்களை அடுக்கிச் சுவர்போல மறைத்தார்கள். அங்கே எழப்போவது மாணவர் விடுதி.

விடுதி என்றதும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான்கு வருடமும் வளாகத்திலேயே அறை கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். முதலாண்டு முடிந்ததும் பெரும்பாலோர் வெளியில்தான் வீடு தேடுகிறார்கள். 1933-ல், பொருளாதார மந்தக் காலத்தில் மாணவர்களே தொடங்கிய கூட்டுறவு இல்லங்கள் இன்றும் நடக்கின்றன. வாடகை குறைவு, பதிலுக்கு ஒவ்வொருவரும் வாரத்துக்குச் சில மணி நேரம் சமையலிலோ துப்புரவிலோ கை கொடுக்க வேண்டும். பலர் கடைசி நேரத்தில்தான் இதைக் கேள்விப்படுகிறார்கள். இடம் கிடைத்த அன்றே விசாரியுங்கள்.

'பெர்க்லி நேரம்' என்ற வழக்கமும் புதியவர்களைக் கவிழ்க்கும். அட்டவணையில் பத்து மணி என்றிருந்தால் வகுப்பு பத்து பத்துக்குத்தான் தொடங்கும். இறுதித் தேர்வுக்கு இந்தச் சலுகை கிடையாது. அந்தப் பழக்கத்தில் பத்து நிமிடத்தைத் தேர்வில் கோட்டை விடாதீர்கள்.

கடைசியாக, நம்மவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒன்று: "பெர்க்லி பல்கலைக்கழகம் தமிழைச் செம்மொழி என்று அறிவித்தது." அப்படி எதுவும் நடக்கவில்லை. இந்தப் பேச்சுக்கு மூலம், அங்கே தமிழ்ப் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் ஹார்ட் 2000-ல் தன் புலமையை முன்வைத்து எழுதிய கடிதம். சமஸ்கிருதம், லத்தீன், கிரேக்கம் எல்லாம் படித்த ஒருவர், அவற்றோடு ஒப்பிட்டுத் தமிழின் தகுதியை வாதிட்டார். செம்மொழித் தகுதியை 2004-ல் கொடுத்தது இந்திய அரசு. பெர்க்லித் தமிழ் இருக்கையையும் பல்கலைக்கழகம் தானாகத் தந்த கொடையாகச் சொல்லிவிடாதீர்கள். அமெரிக்கத் தமிழர்கள் நிதி திரட்டி அமைத்தது அது. கடிதத்தைக் குறிப்பிடும்போது ஹார்ட்டின் பெயரைச் சொல்லுங்கள், இருக்கையைக் குறிப்பிடும்போது பணம் கொடுத்தவர்களைச் சொல்லுங்கள்.